உடைந்தது கணக்கில் வராது

என் அக்காவைக் கட்டியவருக்கு மண் பரிசோதனை லேபில் எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் உருளை. ஆள் உருண்டையாக இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். பலமாகக் காற்றடித்தால் கம்பத்தைப் பிடித்துக்கொள்ளவேண்டிய உடம்பு. மண்ணை உருளை உருளையாகப் பிடித்து, மெஷினில் வைத்து நசுக்கிப் பார்ப்பது அவர் வேலை. அதனால் வந்த பெயர். நான் அவரை அத்தான் என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். அந்த லேபின் வண்டியை ஓட்டுகிறவன் நான். அவர்தான் யார் யாரிடமோ பேசி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். அதை ஒருநாள்கூடச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி நிம்மதியாக இருந்திருப்பேன்.

களிமண் மேல் ரோடு போடுவது வம்பை விலைக்கு வாங்குகிற வேலை. மழை பெய்தால் உப்பும், வெயில் அடித்தால் வெடிக்கும். அதை வழிக்குக் கொண்டுவரச் சுண்ணாம்பு கலப்பார்கள். மண்ணுக்குள் சுண்ணாம்பு முழுதாக ஊறி இறுகிவிட்டால் அதற்குப் பிறகு எந்த மழையிலும் ஆடாது. இறுகியதா, எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்லவேண்டியது லேப். ரோடு போடும் இடத்திலிருந்து கலந்த மண்ணை மூட்டையில் கட்டி நான் கொண்டுவந்து இறக்குவேன். அத்தான் அதை உதிர்த்துச் சலித்து, ஈரம் பார்த்துப் பிசைந்து, இரும்பு அச்சில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடிப்பார். பின்னாலிருந்து தள்ளினால் உருளை வெளியே வரும். அதைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஈரம் போகாமல் பல நாள் அலமாரியில் வைத்திருந்து, பிறகு மெஷினில் நிறுத்துவார். மேல்தட்டு மெல்ல இறங்கும், டயலில் முள் ஏறும். உருளை வெடித்து முள் திரும்புகிற இடம்தான் அந்த மண்ணின் பலம். இவ்வளவுதான் சமாச்சாரம். இதற்குப் போய் அந்த மனிதர் உயிரை விடுவார்.

பிசைவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. விரல் நுனியில் கண் இருக்கிறதோ என்று தோன்றும். எங்கே சின்னக் கட்டி இருந்தாலும் அது தானாக நசுங்கும். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, வேறு எதையோ பேசிக்கொண்டே செய்வார். வீட்டில் அக்கா மாவு பிசைந்தால்கூடச் சும்மா இருக்க மாட்டார்.

"கட்டி இருக்குடி. இப்படிக் கொடு."

"ஆமா, வாங்க. அப்படியே அச்சுல போட்டு உங்க மெஷின்ல வைங்க. எத்தனை தாங்குதுன்னு பார்த்துட்டு அப்புறம் திங்கலாம்."

அக்காவுக்கு வாய் அதிகம். அத்தான் சிரித்துக்கொண்டே மாவைப் பிடுங்கிக்கொள்வார். அவர்களுக்கு ஒரே பெண். வீட்டில் குட்டி என்று கூப்பிட்டு, அந்தப் பெயர் தெருவுக்கும் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே லேபுக்கு வந்துவிடுவாள். அப்பா சுற்றி வைத்த உருளைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொடுத்து, "சத்தம் போடாதே மாமா, எல்லாம் தூங்குது" என்று என்னை அதட்டுவாள். எனக்குக் குழந்தை குட்டி கிடையாது. என்னை அதட்ட உரிமை உள்ள ஒரே ஆள் அவள்தான். கண்ணில் விரலை விட்டு ஆட்டுவாள், நானும் ஆட்டக் கொடுப்பேன்.

அவளைக் கரண்ட் வேலை செய்யும் ஒரு பையனுக்குக் கட்டிக்கொடுத்தோம். தங்கமான பையன். அவன் அம்மாவுக்கு ஒரு பக்கம் விளங்காமல் போய்ப் படுத்த படுக்கை. குட்டி முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டாள். வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள் இருக்கும் தெருவில் கடைசிக்கு முந்தின வீடு அவர்களுடையது. முன்பக்கம் ஒற்றைக் கதவு, இடுப்பை ஒடித்துத் திரும்பினால்தான் உள் அறைக்குப் போகமுடியும், பின்பக்கம் வெறும் சுவர். அவள் குடிபோன பிறகுதான் அந்தச் சுவருக்குப் பின்னால் புது ரோடு வந்தது. கூரைக்கு மேலே தலை தெரிகிற உயரத்துக்குக் களிமண்ணைக் கொட்டி, சுண்ணாம்பு கலந்து, மேடு எழுப்பினார்கள். பரிசோதனை எங்கள் லேபுக்கு வந்தது.

அத்தான் அந்த மூட்டைகளை வேறு ஒருவரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

"என் பொண்ணு முதுகுக்குப் பின்னாடி நிக்கப்போற மண்ணு. நானே பார்க்கிறேன்."

நான் கொண்டுவந்த மூட்டைகளின் லட்சணத்தைச் சொல்லவேண்டும். ரோட்டில் மெஷின் ஓட்டுகிறவர்களுக்கு ஏது பொறுமை? மண் ஒருபக்கம், சுண்ணாம்பு ஒருபக்கம், கை முட்டி பெரிசுக்குக் கட்டிகள். மூட்டையைப் பிரித்ததுமே அத்தான் திட்ட ஆரம்பிப்பார். "இதுவா கலக்குறது? மாட்டுக்குத் தீனி வைக்கிறவன்கூட இதைவிட நல்லாக் கலப்பான்." திட்டிக்கொண்டே ஒவ்வொரு கட்டியாக உடைப்பார், சலிப்பார், பிசைவார். சலித்த மண்ணைத்தான் அச்சில் போடவேண்டும் என்பது முறை. முறைப்படிதான் செய்தார். அவர் பிசைந்து முடித்தால் அது வேறு மண்ணாக இருக்கும். அந்த உருளைகள் மெஷினில் நின்ற நிலையைப் பார்க்கவேண்டுமே! முள் ஏறிக்கொண்டே போகும், லேப் இன்ஜினியர் எட்டிப்பார்த்து, "அண்ணே, மெஷினை உடைச்சுடப்போகுது" என்பார்.

சில உருளைகள் அச்சிலிருந்து வரும்போதே ஓரம் உதிர்ந்துவிடும், சில இரண்டாகப் பிளந்துவிடும். அப்படி உடைந்தால் அது மண்ணின் குற்றமல்ல, பிடித்தவன் குற்றம் என்பது லேபில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். இங்கே மட்டுமல்ல, எந்த லேபிலும் அப்படித்தான். உடைந்தது கணக்கில் வராது. தூக்கிப் பின்பக்கச் சுவரோரம் போட்டுவிட்டு வேறு பிடிக்கவேண்டும். அத்தான் கையில் உடைவது அபூர்வம். அந்த ரோட்டு மண்ணில் அவருக்கே பல தடவை உடைந்தது. அவமானப்பட்டவர் மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "இன்னைக்கு எனக்குக் கை சரியில்ல மச்சான்" என்பார். மறுபடி உட்கார்ந்து, இன்னும் நன்றாகப் பிசைந்து, நிற்க வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். சுவரோரக் குவியல் மழையில் கரைந்து மறுபடி களிமண்ணாகிப் போனது. அதை யார் பார்த்தார்கள்?

ரோடு முடிந்தது. கோடை போனது. அடுத்து வந்த மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மதியம் லேப் வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், குட்டியிடமிருந்து போன். அத்தானுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அதனால் எனக்கும் எல்லாம் கேட்டது.

"அப்பா, பின்னாடி மேட்டுல வெடிப்பு விட்டிருக்கு. கையை விட்டா முழங்கை வரைக்கும் போகுது. தெருவுல பாதிப் பேரு சாமானைக் கட்டிட்டாங்க. நாங்களும் அத்தையைத் தூக்கிட்டு ஸ்கூல் கட்டடத்துக்கு வந்துட்டோம். அவங்க ஒரே அழுகை, தரை குளிருதாம். என்ன பண்ணட்டும் சொல்லுங்க."

"மேல் தோல் வெடிச்சிருக்கும்டா. வெயில்ல காஞ்சு கிடந்தது மேல மழை பேஞ்சா அப்படித்தான். உள்ள கல்லு மாதிரி இருக்கு."

"நெசமாவாப்பா?"

"உங்கப்பன் கையால பிடிச்சுப் பார்த்த மண்ணுடி அது. ஒவ்வொண்ணா நானே மெஷின்ல வச்சிருக்கேன். அத்தையைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ. நிம்மதியாத் தூங்கு."

"நீங்க சொன்னா சரிதாம்பா. வச்சிடறேன்."

அவள் குரலில் அப்படி ஒரு நிம்மதி. இதை எழுதும்போதும் எனக்கு அந்தக் குரல்தான் காதில் நிற்கிறது, அதைத் தாங்கமுடியவில்லை.

"நீயாவது குறுக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று இப்போது என்னிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நடந்து முடிந்த பிறகு கேள்வி கேட்க யாருக்குத்தான் தெரியாது? என்ன சொல்லச் சொல்கிறீர்கள்? மண்ணைப் பற்றி அந்த மனிதர் சொன்னால் மறுபேச்சுப் பேச எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தோன்றாது. இன்ஜினியருக்கே தோன்றாது.

குட்டி வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் திரும்பினார்கள். போகாதவர்கள் சும்மா இருப்பார்களா? "உருளைக்காரர் மகளை வச்சே சூதாடுறார்" என்று யாரோ பேசியது சுற்றிச் சுற்றி அத்தான் காதுக்கு வந்துவிட்டது. அவருக்குச் சுருக்கென்று கோபம். ரோஸ் மருந்து பாட்டிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "வண்டியை எடு மச்சான், இவனுங்க வாயை அடைச்சுட்டு வரலாம்" என்றார். லேபில் நாங்கள் ரோஸ் மருந்து என்று சொல்வது ஒரு திரவம். மண்ணில் விட்டால் சுண்ணாம்பு போய்ச் சேர்ந்த இடமெல்லாம் பளிச்சென்று ரோஸ் ஆகிவிடும். அதை நாலு பேர் முன்னால் காட்டிவிட்டால் பேச்சு அடங்கும் என்பது அவர் எண்ணம்.

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மேட்டில் ஏறினோம். வெடிப்பு நான் நினைத்ததைவிட நீளம். அத்தான் குனிந்து அதிலிருந்து ஒரு கட்டியைப் பெயர்த்தார். வெளியே வெள்ளையாக, கெட்டியாகத்தான் இருந்தது. "பார்த்தியா?" என்றார். இரண்டு கையாலும் பிடித்து உடைத்தார். உள்ளே கறுப்புக் களிமண், ஈரம் சொட்டச் சொட்ட. மருந்தை விட்டார். ஓரத்தில் மெல்லிசாக ஒரு தோல் மட்டும் ரோஸ் ஆனது. நடுவில் மருந்து தண்ணீர் மாதிரி வழிந்து போனது.

இன்னொரு கட்டியை உடைத்தார். அதுவும் அப்படியே. மூன்றாவதை உடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார்.

"இதை யாருமே உடைக்கல மச்சான்" என்றார். "நான் லேபுல உடைச்சேன். இங்க யாரும் உடைக்கல."

எனக்கு அப்போது அது பிடிபடவில்லை. அவர் பாட்டிலைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்துவிட்டார். அந்த வயசில் சறுக்கி, விழுந்து, எழுந்து ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

குட்டி வாசலில் துணி உலர்த்த இடம் தேடிக்கொண்டிருந்தாள். "என்னப்பா, இப்படி மூச்சு வாங்குது? உள்ள வாங்க, மாமாவும் இருக்காரா?" என்று சிரித்தாள். அத்தான் அவளைத் தாண்டி உள்ளே ஓடினார். நான்தான், "கிளம்பு, அத்தையைத் தூக்கணும், எதுவும் கேட்காதே" என்று கத்தினேன். மருமகப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தான். கிழவியை மெத்தையோடு தூக்கினோம். நானும் அத்தானும் முன்பக்கம், குட்டி பின்பக்கம். உள் அறைத் திருப்பத்தில் மெத்தை சிக்கிக்கொண்டது. "இந்தப் பக்கம் சாய்ங்கப்பா, இன்னும் கொஞ்சம், இழு மாமா" என்று குட்டி சொல்லிக்கொண்டிருந்தாள். பின்சுவர் பக்கம் முதலில் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்தாளா இல்லையா தெரியாது. மெத்தை ஒரே உந்தில் எங்கள் மேல் வந்து மோதியது, நாங்கள் வாசலில் போய் விழுந்தோம். கிழவி எங்கள் மேல் கிடந்தாள். வீடு இருந்த இடத்தில் முன்சுவரும் கதவும் மட்டும் நின்றன.

அத்தான் கையாலேயே தோண்டினார். திரும்பி வந்திருந்த அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் தப்பி ஓடிவந்து மண்வெட்டி கொடுத்தார்கள், அவளுக்குப் பட்டுவிடும் என்று தொடவிடவில்லை. வெள்ளைத் தோல் போட்ட கட்டிகள், ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னால் போட்டார். போடும்போது ஒவ்வொன்றையும் அந்த விரல்கள் நசுக்கிவிட்டுத்தான் போட்டன. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவருக்கே அது தெரியவில்லை. அவளை வெளியே எடுத்தபோது நான் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரைப் பார்க்கவிடாமல் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

அக்கா அழுது ஓய்ந்த பிறகு ஒரே ஒரு தடவை சொன்னாள். "நீங்க சொன்னீங்கன்னுதானே அவ திரும்பிப் போனா?" அத்தான், "ஆமா" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு இல்லை. அவ்வளவு வாயாடின அக்கா, தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவரும் மாவு பிசைகிற பக்கம் போகவில்லை.

மேலிடத்திலிருந்து விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். மண் பலமில்லையா, தண்ணீர் போக வழியில்லையா, எதனால் சரிந்தது என்று பார்க்கவேண்டுமாம். விழுந்த மண்ணை மூட்டை கட்டி எங்கள் லேபுக்கே அனுப்பினார்கள், அதையும் நான்தான் ஏற்றிவந்தேன். "வேற ஆளு பண்ணட்டும் அண்ணே, நீங்க வீட்டுல இருங்க" என்று இன்ஜினியர் கெஞ்சினார். நல்ல மனுஷன் அவர்.

"என் பொண்ணு மேல விழுந்த மண்ணு. நானே பார்க்கிறேன்" என்றார் அத்தான்.

உட்கார்ந்தார். உதிர்த்தார், சலித்தார், பிசைந்தார். அச்சிலிருந்து ஒன்றுகூட உடையாமல் வந்தது. சுற்றி வைத்து, பல நாள் கழித்து மெஷினில் நிறுத்தினார். முள் ஏறியது, முன்பு ஏறிய மாதிரியே ஏறியது. இன்ஜினியர் எழுதிக்கொண்டே, "மண்ணு நல்லாத்தான் இருக்குண்ணே" என்று சங்கடமாகச் சொன்னார். "அப்போ தண்ணிதான் காரணம்னு போய்டும். மழை மேல பழியைப் போட்டு மூடிடுவாங்க."

அத்தான் டயலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கையைப் பார்த்தார்.

மீதி மூட்டையைப் பிரித்துக் கொட்டினார். இந்தத் தடவை சலிக்கவில்லை. ரோட்டில் எப்படிக் கிடந்ததோ அப்படியே, கட்டியோடு அச்சில் போடப்போவதாகச் சொன்னார். ஒரு கட்டியை எடுத்தார். எடுத்த கட்டி விரலுக்குள்ளேயே பொடியாகிப் போனது. அடுத்ததை இரண்டு விரலால் மெதுவாகத் தூக்கினார், அச்சுக்குப் போவதற்குள் அதுவும் பொடி. கையை உதறினார். மறுபடி எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு முன்னால் பவுடர் மாதிரி மண் குவிந்துவிட்டது. "நில்லேன், நில்லேன்" என்று கையைத் தரையில் அடித்தார்.

"மச்சான், நீ பிடி" என்றார்.

"நானா? எனக்கு என்ன தெரியும் அத்தான்? ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியாது எனக்கு."

"அதுக்குத்தான் சொல்றேன். உனக்குக் கை வராது. அங்க ரோட்டுல கலக்கினவனுக்கும் வரல. நீ பிடி."

வாழ்க்கையில் முதல் தடவையாக உருளை பிடிக்க மண்ணில் கை வைத்தேன். கட்டியோடு அள்ளி அச்சில் திணித்தேன், இரும்புக் கட்டையால் அவர் சொன்னபடி இடித்தேன். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, தள்ளி நின்றார். அச்சைத் தள்ளினேன். பாதி உருளை வந்தது, மீதி கட்டி கட்டியாக மேஜையில் உதிர்ந்தது.

பழக்கதோஷத்தில் அதை அள்ளிக் குப்பையில் போடக் கையை நீட்டினேன். அத்தான் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அந்தப் பாதியையும் உதிர்ந்ததையும் ஒரு தகட்டில் ஏந்திக்கொண்டு போய் மெஷினில் வைத்தார். தட்டு இறங்கியது. முள் அசைந்தமாதிரிகூட இல்லை, மண் பக்கவாட்டில் பிதுங்கி வழிந்தது.

"எழுதுங்க சார்" என்றார்.

இன்ஜினியர் எழுந்து நின்றுவிட்டார். "அண்ணே, உங்களுக்கே தெரியும். உடைஞ்சதைக் கணக்குல எடுக்க முடியாது. மேல ஒத்துக்க மாட்டாங்க."

"என் பொண்ணும் உடைஞ்சுதான் சார் வெளியே வந்தா" என்றார் அத்தான். அவர் குரல் உயரவே இல்லை. "அவளைக் கணக்குல எழுதிக்கிட்டீங்கல்ல? இதையும் எழுதுங்க."

இன்ஜினியர் உட்கார்ந்தார். பேனா மூடியைக் கழற்றினார். அவர் எழுதி முடிக்கும்வரை அத்தான் நின்று பார்த்துவிட்டு, அடுத்த அச்சை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"இன்னொண்ணு போடு மச்சான். இதே மாதிரி."